நாலாம் தறியின் பதினோரு மணி

ஆறு விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும் கொட்டகையில் ஒரே ஒரு தறி நின்றுபோனால் காதுக்குத் தெரியாது. மீதி ஐந்தின் இரைச்சலே அந்த இடத்தை நிரப்பிவிடும். யாராவது நடந்துபோய்ப் பார்த்தால்தான் உண்டு. அதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பி வந்தேன். வீட்டில் சொன்னபோது நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தறி ஓடினா இன்னா, நின்னா இன்னா, அதுல உனுக்கு இன்னா வந்திச்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் யாரும் தறி ஓட்டியதில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த வியாதி. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. மிக்சியைக் கழற்றியிருக்கிறேன், சாமி படத்தைச் சுற்றி எரியும் சீரியல் பல்பைக் கழற்றியிருக்கிறேன். "நோண்டிக்கினே இரு, ஒரு நாளு வீட்டையே கழட்டி வெச்சிடு" என்று அம்மா திட்டுவாள். தறியும் அப்படித்தான் என்னிடம் மாட்டியது. என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பேச்சில் பாவா, கே.ஜி.கண்டிகையில் மோட்டாருக்குக் காயில் சுற்றித் தரும் கடை வைத்திருக்கிறார். பொதட்டூர்பேட்டையிலிருந்து கருகிப்போன தறி மோட்டார்கள் அவரிடம் வரும். ஒரு லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, சுற்றி முடித்த மோட்டாரைக் கொடுக்கப் போனவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு போனேன். அந்தக் கொட்டகையில் ஒரு தறி நின்றிருந்தது. பத்தடி தள்ளி நின்றவர்களுக்கே அது தெரியவில்லை. அட, அது எப்படித் தெரியாமல் போகும்? திரும்பி வரும் வழியெல்லாம் பாவாவைப் பிடுங்கியெடுத்தேன். "சத்தத்துல தெரியாதும்மா, வுட்டுடேன்" என்றார். நான் விடவில்லை.

நான் செய்த பெட்டி சோப்பு டப்பா அளவுதான். முதலில் செய்தவை நிஜமாகவே சோப்பு டப்பாக்கள். வெள்ளை டப்பா, அதன் நட்ட நடுவில் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடிக் கண். தறியின் சட்டத்தில் அதை மாட்டிவிட்டால், எதிரே முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருக்கும் பலகையைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். பலகையின் ஆட்டம் நின்றால் முதலாளியின் போனுக்கு உடனே செய்தி போகும்: இன்ன தறி, இத்தனை மணிக்கு நின்றது. திரும்ப ஓடினால் அதுவும் போகும். நூல் அறுந்து சும்மா கிடக்கும் தறியை உடனே போய்ப் பார்த்துவிடலாம். அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. ஆனால் அது வேலை செய்த முதல் நாள், ரூமில் தனியாக நின்று கை தட்டினேன்.

அந்த ரூம் கிடைத்ததே பெரிய கதை. மலைக்குப் போகும் ரோட்டில் ஏறி இறங்காத மாடியில்லை. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "கூட யாரு?" யாரும் இல்லை, நான்தான் கம்பெனி என்று சொன்னால், காலியாக இருந்த ரூமுக்கு அந்த நிமிடமே ஆள் வந்துவிடும். கடைசியில் ஒரு மெக்கானிக் பாய் தன் ஒர்க் ஷாப்புக்கு மேலே இருந்த ரூமைக் காட்டினார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "மேல சத்தம் எதனா வருமாம்மா?" கீழே ஒருவர் சைலன்சரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குக் கேக்கற அளவுக்கு வராது பாய்" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

பெட்டியைச் செய்வது சுலபமாக இருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் வேண்டியிருந்தது. பொதட்டூர்பேட்டையில் நான் தனியாகப் போய் நின்ற முதல் மூன்று வீடுகளிலும் மோர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், "ஆம்பளைங்க யாரனா இருந்தா அனுப்பும்மா, பேசிக்கலாம்" என்றார்கள். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். சண்டை போடவும் வழியில்லை.

அதனால் பாவா இன்ஜினீயர் ஆனார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. நான் பின்னால் டூல்ஸ் பையோடு. ஆறு தறி வைத்திருந்த பெரியவர் ஒருவர் ஒத்துக்கொண்டார். மீசை நரைத்த, நிதானமான மனிதர். அவரும் அவர் அண்ணன் தம்பிகளும் பங்காளிகளுமாக அதே தெருவில் மொத்தம் அறுபது தறி. "அது யாரு?" என்று என்னைக் காட்டி பாவாவிடம் கேட்டார். "மச்சினிச்சிங்க. கூட மாட ஒத்தாசைக்கு" என்றார் பாவா. அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியது எல்லாம் இன்ஜினீயர் சாரிடம்தான்.

நாங்கள் பெட்டி மாட்டப் போன அன்று கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஓட்டும் ஆள் யாரும் இல்லை. "யாருங்க பாத்துக்கறாங்க?" என்று பாவா கேட்டார். "ஆளு கீது" என்றார் முதலாளி. வெளி ஆம்பிளை வருகிறார் என்பதால் தறி ஓட்டும் அந்த வீட்டு மருமகளை உள்ளே போகச் சொல்லியிருந்தார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேச்சு இதுதான்: ஒரு மாதம் ஆறு தறியிலும் பெட்டி ஓட வேண்டும். ஒழுங்காக ஓடினால் விஜயதசமி அன்று, நல்ல நாளில், அறுபது தறிக்கும் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் இல்லை. எனக்கும் அந்த நாள்தான் எல்லை. சென்னையில் பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது, விஜயதசமி கழிந்த திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. அறுபது தறி வந்தால் இந்த ரூம் இருக்கும். வராவிட்டால் பாயிடம் சாவியைக் கொடுத்துவிட்டு சென்னைக்கு ரயிலேற வேண்டியதுதான்.

பெட்டிகள் சொன்னபடி ஓடின. முதல் வாரத்திலேயே நூல் அறுந்து நின்ற தறிகளை முதலாளி போனில் பார்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம். பாவாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் எனக்கு வேறொன்று கண்ணை உறுத்தியது. நாலாம் தறி தினமும் பதினோரு மணிக்கு நின்றது. பதினொன்று, பதினொன்று இரண்டு, பதினொன்று மூன்று. எட்டு நிமிடம் கழித்து ஓடியது. நூல் என்ன மணி பார்த்தா அறும்? கரண்ட் என்றால் ஆறும் நிற்க வேண்டும். பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்று பாவாவோடு போய் மாற்றி மாட்டினேன். புதுப் பெட்டியும் அதையே சொன்னது. நடுவில் இரண்டே இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி பதினொன்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு மணி ஆனால் ரூமில் என்ன வேலை இருந்தாலும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நின்றுவிட்டால் ஒரு திருப்தி. ஆனால் ஏன்?

முதலாளிக்கும் அதே கேள்வி வந்துவிட்டது. வீட்டில் கேட்டால் நூல் அறுந்தது என்கிறார்களாம். பாவாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் பையோடு போனேன். "இன்னா சார், நாலாம் தறி மட்டும் டைம் வெச்சி நிக்குது?" பாவா ஒரு நொடி மேலே பார்த்தார். எதற்கும் வோல்டேஜ் என்று சொல்கிறவர், அன்று புதிதாக ஒன்றை எடுத்துவிட்டார். "மோட்டார் சூடாயிடுதுங்க. காலைல இருந்து ஓடுதில்ல? கொஞ்சம் ரெஸ்ட் கேக்குது. மெஷினும் மனுசன் மாரிதாங்க." எனக்கு மானம் போயிற்று. சூடான மோட்டார் நேரம் பார்த்து நிற்குமா, எட்டு நிமிடத்தில் ஆறித் தானாக ஓடுமா? வாயைத் திறக்க முடியாமல் அவரை முறைத்தேன். வெளியே வந்ததும், "மோட்டார் கடை வெச்சிகினு வாய்க்கு வந்ததைச் சொல்றியே பாவா, வெக்கமா இல்ல?" என்று பிடித்துக்கொண்டேன். "அட, அவுரு ஆங்னு சொல்லிட்டாரே" என்றார். முதலாளி ஆங் சொல்லவில்லை, "பாக்கலாம்" என்றுதான் சொன்னார். ஆனால் பாவாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. அன்று எந்த மெஷினுக்கும் வேலையில்லை. தறிகளும் ஓடாது. ரூமைக் கழுவிவிட்டு, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஈயம் பற்றவைக்கும் கம்பி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு வைத்தேன். அம்மா வந்து பொரிகடலை படைத்துவிட்டு, பாயின் ஒர்க் ஷாப் வாசலில் பூசணிக்காய் உடைத்தாள். பாய் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டார். பாவா அக்காவைக் கூட்டிக்கொண்டு சித்தூரில் அவருடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்.

விஜயதசமி காலை ஏழு மணிக்கு பாவாவிடமிருந்து போன். "முதலாளி கத்தறாரும்மா. ஆறு தறியும் கண்ணு முன்னால ஓடுதாம். போனு ஆறும் நிக்குதுன்னு சொல்லுதாம். நல்ல நாள் அதுவுமா இன்னா இது அபசகுனம்னு கேக்கறாரு. நான் வோல்டேஜின்னு சொன்னேன்."

"ஐயோ பாவா!"

"இப்ப பஸ் ஏறினாலும் நான் வர மதியமாவும். நீ போயிடு. உதவிக்கு இருக்கற பொண்ணை அனுப்பறேன்னு சொல்லிட்டேன்."

என் திரையைத் திறந்து பார்த்தேன். ஆறும் நிற்கிறது என்றுதான் அதுவும் சொன்னது. ஒரு மாதம் ஒழுங்காக இருந்த ஆறு பெட்டிகள் ஒரே நாளில் ஒன்றாகவா சாகும்? பையை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸின் முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று கட்டியிருந்தது. முன் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். டிரைவர் அதைத் தாண்டி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நேர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, நெட்வொர்க்காக இருக்குமோ, எழுதிய புரோகிராமில் தப்போ என்று மண்டையை உடைத்துக்கொண்டு போனேன். கூடவே இன்னொன்றும் யோசித்தேன். இன்று பாவா இல்லை. முதலாளி என்னிடம் பேசித்தான் ஆக வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவது: இதைச் செய்தது நான்தான். ஆர்டர் போனாலும் போகட்டும். அந்த வாக்கியத்தை உதட்டுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன்.

முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "பொண்ணு வந்துகீது, உள்ள வுடு" என்று குரல் கொடுத்தார். பெண் தனியாக வந்ததால் இந்த முறை யாரும் யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. கொட்டகையில் அந்த மருமகள் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆறு தறிகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் துணி லோடோடு வெளியூர் போய்விடுவாராம். ஆக, அந்த "ஆளு" இவள்தான். தறி இரைச்சலில் குரல் எடுபடாது. அங்கே எல்லோரும் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அவளும் உதட்டை அசைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்து காதோரம் கத்தினாள்: "டீ குடிக்கிறியான்னு கேட்டேன்!"

முதல் தறியின் பெட்டியைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளை டப்பாவின் நட்ட நடுவில், என் கண்ணாடிக் கண்ணின் மேல், கச்சிதமாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம். இரண்டாம் தறி, மூன்றாம் தறி, ஆறிலும் அப்படியே. நடுவில் கறுப்பாக ஒரு வட்டத்தை வைத்து அனுப்பியது யார்? வேறு எங்கே வைப்பார்கள் பொட்டை? முந்தின நாள் இதே கையால் என் கம்ப்யூட்டருக்கு வைத்தவள்தானே நான்! புடவைத் தலைப்பால் துடைத்தேன். என் போன் அதிர்ந்தது: முதல் தறி ஓடுகிறது. அடுத்ததைத் துடைத்தேன், இன்னொரு அதிர்வு.

"ஐயையோ, நான்தான் வெச்சேன்" என்று காதோரம் கத்திவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லா தறிக்கும் வெச்சிட்டு இதுக்கு மட்டும் வெக்காம வுடறதான்னு…"

"நான் கூட என் கம்ப்யூட்டருக்கு வெச்சேங்க" என்று கத்தினேன். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் கேட்டாள், "இதைச் செஞ்சது யாரு? உங்க பாவாவா?"

"அவரு காயில் சுத்தறவரு. இது நான் செஞ்சது."

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு அறுந்த நூலை முடிச்சுப் போடப் போய்விட்டாள். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மணி பத்தேகால். வேலை முடிந்துவிட்டது. போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் பதினோரு மணிக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது! ஒரு மாதமாகத் திரையில் பார்த்ததை நேரில் பார்க்காமல் போனால் நான் நானில்லை. ஒவ்வொரு பெட்டியையும் கழற்றித் துடைத்து மாட்டுகிற மாதிரி நேரத்தைக் கடத்தினேன். பதினொன்று ஆயிற்று. கடைசித் தறிப் பக்கம் நின்றிருந்தேன். இரைச்சலில் எந்த மாற்றமும் கேட்கவில்லை. போனைப் பார்த்தேன். நாலாம் தறி நின்றிருந்தது.

நாலாம் தறிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடம். அங்கே நூல் மூட்டையின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. கையில் போன் இல்லை, டீ இல்லை, ஒன்றுமே இல்லை. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் துடித்து எழுந்தாள். "உக்காருங்க, உக்காருங்க" என்று கையைக் காட்டினேன். உட்காரவில்லை. காதருகே வந்தாள்.

"நாலு மணிக்கு எழுந்துக்கறேன். ஆறு மணிக்கு தறி. நின்னுகினே இருக்கணும். எல்லா தறியும் நிறுத்தினா தெருவுக்கே கேக்கும், மாமா வந்துடுவாரு. ஒண்ணு நிறுத்தினா யாருக்கும் தெரியாது. இந்த மூலையில யாரும் பாக்கவும் மாட்டாங்க. சும்மா உக்காருவேன். அவ்ளோதான்."

மூட்டையைத் தட்டி மறுபடி உட்காரச் சொன்னேன்.

"இந்தப் பொட்டி வந்ததுல இருந்து தினிக்கும் கேக்கறாரு. நூலு அறுந்திச்சின்னு சொல்றேன். எத்தினி நாளிக்குச் சொல்றது? ரெண்டு நாளு நிறுத்தாம பாத்தேன். கால் முடியல."

அந்த இரண்டு நாட்கள் என் திரையில் இருந்தன. அந்த நாட்களில், இன்றைக்கு ஏன் நிற்கவில்லை என்று நான் ஏமாந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஒரு தறி நின்றால் காதுக்குத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது ஒருத்திக்கு உட்காருகிற இடம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரைக் கேட்டேன்? அத்தனை 'ஏன்' கேட்டவள், தறியை ஓட்டுவது யார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

முதலாளி கூப்பிட்டார். வாசலுக்குப் போனேன். முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "இன்னா பாப்பா, இன்னா கோளாறு?" பொட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "பொட்டு வெக்காம எப்படிம்மா தறிய எடுக்கறது?" என்றார். "வெக்கணுங்க. தப்பு எங்களுது. இனிமே கண்ணை அடிப்பக்கமா வெச்சிடறோம். மூஞ்சி பொட்டுக்குன்னே இருக்கட்டும்" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அதான் மொறை" என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு கேக்கறேன். அந்த நாலாம் தறி. தோ, இப்பக்கூட பதினோரு மணிக்கு நின்னிச்சி பாரு. உன் கண்ணால பாத்தியே, இன்னா அது?"

அவள் டீ டம்ளரோடு வாசல்படியில் நின்றிருந்தாள். டம்ளரை நீட்டவில்லை. என்னையே பார்த்தாள்.

நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அவர் என்னிடம் பேசுகிறார், என் பதிலை நம்பப் போகிறார், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மோட்டார் சூடாயிடுதுங்க. அஞ்சு மணி நேரம் ஓடினதுல கொஞ்சம் ரெஸ்ட் கேக்குது."

"மத்த தறிக்கு?"

"எல்லாத்துக்கும் ஒரு நாளிக்குப் பத்து நிமிஷம் குடுத்தா நல்லதுங்க. ஒண்ணொண்ணா நிறுத்தினா போதும். ஆயுசு நீளும். பத்து நிமிஷத்துக்குள்ள ஓடிடிச்சின்னா உங்க போனுக்கு மெசேஜ் வராத மாரி செஞ்சிடறோம். சும்மா சும்மா உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஆயுத பூஜை அன்னிக்கி மெஷினுக்கு ரெஸ்ட் குடுக்கறோம். அது மாரி, இது தினிக்கும். இல்ல?"

"ஆங், அதேதாங்க."

மெஷினுக்கு ஓய்வு என்றதும் அவருக்கு எவ்வளவு சுலபமாகப் புரிந்துவிட்டது! எனக்கு வந்த கோபத்தில் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "இதைத்தான் உங்க பாவா அன்னிக்கே சொன்னாரு. நீ அவரைப் புடிச்சி முறைச்சிகினு நின்னே, நான் பாத்தேன். அனுபவம்மா அது. நீயும் கூடவே இருந்து கத்துக்கோ. அறுபது தறிக்கும் போட்டுடச் சொல்லு இன்ஜினீயர் சாரை."

வயிறு பற்றி எரிந்தது. அறுபது தறி கிடைத்த சந்தோஷமும் அதே வயிற்றில்தான் இருந்தது. "சொல்றேங்க" என்றேன். அவள் அப்போதுதான் டம்ளரை நீட்டினாள். மாமனாருக்கு முதுகைக் காட்டி நின்று, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். காலையில் புரியாதது இந்த முறை எனக்குப் புரிந்தது. "நீதான செஞ்சே" என்றாள். டீயில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

சாயந்திரம் பாவா சித்தூரிலிருந்து அரை கிலோ மைசூர்பாகோடு வந்து இறங்கினார். "மோட்டார் சூடுன்னு சொன்னேனே, கரெக்டா இல்லியா?" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "கரெக்ட் பாவா" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் யாரையும் அவ்வளவு சீக்கிரம் கரெக்ட் என்று சொல்கிறவள் இல்லை. திங்கட்கிழமை, சென்னைக்கு வரவில்லை என்று பழைய கம்பெனிக்கு எழுதிப் போட்டேன்.

இப்போது அந்தத் தெருவில் அறுபது பெட்டிகள் இருக்கின்றன. முகத்தில் ஒன்றுமில்லை, ஒரு வட்டம் மட்டும் வரைந்து விட்டிருக்கிறேன். பத்து நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிற தறியைப் பற்றி முதலாளிகளின் போன் வாயைத் திறக்காது. என் திரையில் மட்டும் தெரியும். ஒரு கொட்டகையில் ஒன்பதே முக்காலுக்கு ஒன்று நிற்கும். இன்னொன்றில் மூன்றரைக்கு. ஒரு வீட்டில் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. ஏன் என்று நான் கேட்பதில்லை.

ஆனால் நாலாம் தறியை மட்டும் பார்ப்பேன். முன்பெல்லாம் எட்டு நிமிடத்தில் ஓடிவிடும். பத்து நிமிடம் என்று நாங்கள் வைத்த பிறகு ஒன்பதரை, ஒன்பதே முக்கால் என்று போயிற்று. ஒரு நாள்கூடப் பத்தைத் தொடவில்லை. கொஞ்ச நாள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலை, ஒன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் அது ஓட ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பாவாவுக்குப் போன் போட்டேன். "முதலாளிகிட்ட ஒண்ணு சொல்லணும் பாவா. மோட்டாருக்குப் பத்து நிமிஷம் பத்தாதாம், பதினஞ்சு வேணுமாம்."

"யாரு சொன்னா?"

"இன்ஜினீயர் சார் சொல்றாரு."

அவர் சிரித்துவிட்டு உடனே சொல்லிவிட்டார். முதலாளி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.